சாமி லோகத்தில் அரைப்பேர்

அண்ணன் மகன் போன பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு வந்தபோது ஒரு சீ.ஆர். கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான். முதல் பக்கத்தில் ஒரு மலை. மலை உச்சியில் ஒரு வாசல். வாசலுக்கு முன்னால் ஒரு தராசு. கீழே அவனுடைய கோழிக் கிறுக்கலில் இப்படி எழுதியிருந்தது: "ஒளிமுடி. மலைச்சாமியின் புகலிடம். விசுவாசப் புள்ளி 100 இருந்தால் உள்ளே போகலாம். 50க்கு மேல் இருந்தால் வாசலில் காத்திருக்கலாம். அதற்கும் கீழே என்றால் பனிமூட்டத்தில் கரைந்துபோவார்கள்."

"அத்தை, சாமி விசயமெல்லாம் ஒங்களுக்குத்தானே தெரியும். வாசலத் தாண்டி உள்ளுக்கு என்ன இருக்கும்னு எழுதித் தாங்க" என்றான்.

விசயம் என்னவென்றால், அவனும் அவன் கூட்டாளிகள் நாலு பேரும் சேர்ந்து ஒரு கதை விளையாட்டு விளையாடுகிறார்கள். கம்பியூட்டரும் இல்லை, போனும் இல்லை. தாள், பென்சில், இருபது முகம் உள்ள ஒரு பகடை, அவ்வளவுதான். ஒருத்தர் கதை சொல்லுவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். வாள்வீச்சு ஜெயித்ததா, கதவு திறந்ததா என்பதைப் பகடை சொல்லும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஆரம்பித்து வைத்த வகை. நம் பிள்ளைகள் அதை இலங்கை மலையகத்து ஹட்டனில், என் வீட்டு முன்னறையில், தமிழில் ஆடுகிறார்கள். பிளேன்டியும் மாரி பிஸ்கட்டும் என் செலவு.

நான் கணக்கு டீச்சர். புள்ளிக் கணக்கோடு ஒரு சொர்க்கம் என்றதும் முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் இடிக்க ஆரம்பித்தது.

முதலில் இடித்தது அந்த விசுவாசம் என்ற சொல். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அது மாதா கோயில்காரர்கள் சொல்லும் சொல். இல்லாவிட்டால் துரை பங்களா நாய்க்குச் சொல்லுவார்கள். சாமிக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது நேத்திக்கடன். நான் இதைச் செய்கிறேன், நீ அதைச் செய். செய்யாவிட்டால் அடுத்த வருசத் திருவிழாவில் உன் முன்னால் நின்று திட்டுவேன். அப்படித் திட்டுகிறவருக்கு எத்தனை புள்ளி கழிப்பது?

சரி, சின்னப் பிள்ளை ஆசையாகக் கேட்கிறானே என்று, அந்த விளையாட்டுக்காரர்கள் சொர்க்கத்தை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று இரண்டு மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அவர்களுடைய பழைய உலக அமைப்பில் நல்லவர்கள் போய்ச் சேருகிற இடங்களில் ஒன்று செலெஸ்டியா. அதுவும் மலைதான். ஏழு அடுக்கு. அடிவாரத்தில் புனிதநீர்க் கடல். ஏற ஏற ஆள் தூய்மையாகிக்கொண்டே போகிறார். ஏழாவது அடுக்குக்குப் போனவர் திரும்பி வந்து கதை சொன்னதில்லை. 1994இல் வந்த பிளேன்ஸ்கேப் என்ற தொகுப்பில் இன்னும் ஒன்று உண்டு. இறந்தபின் அங்கே போய்ச் சேருகிறவர்களுக்குப் பழைய நினைவு இருக்காது. கடைசியில் அந்த உலகத்தோடேயே ஒன்றாகிவிடுவதுதான் அவர்களுடைய ஆசை. இதைப் படித்ததும் எனக்குச் சைவ சமயப் பாடம் ஞாபகம் வந்தது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று மனப்பாடம் செய்தோமே, அதற்குப் பலனாகச் சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம். இறைவன் உலகத்தில் இருப்பது, பக்கத்தில் இருப்பது, அவன் உருவம் பெறுவது, அவனோடு ஒன்றாவது. ஓ.எல். பரீட்சைக்குப் பிறகு இது எனக்கு எதற்குமே உதவாது என்று நினைத்திருந்தேன்.

ஏழு அடுக்கு மலையைப் படித்தபோது பெரிய வியப்பு ஒன்றும் வரவில்லை. நான் மஸ்கெலியாப் பக்கத்துக்காரி. எங்கள் லயத்து வாசலில் நின்றால் சிவனொளிபாத மலை தெரியும். டிசம்பர் போயாவுக்கு சீசன் தொடங்கினால் மே மாதம் வெசாக் வரைக்கும் ராத்திரியில் மலையின் மேல் விளக்கு வரிசை. இருட்டில் மலை தெரியாது, விளக்கு மட்டும் வானத்துக்குப் போகும். சின்ன வயதில் அது நட்சத்திரத்துக்குப் போகிற ரோட்டு என்று தம்பியிடம் சொல்லி நம்ப வைத்திருந்தேன்.

அந்த மலை 2,243 மீட்டர். நல்லதண்ணிப் பக்கமிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். மேலே இருக்கிறது ஒரு பாதச் சுவடு. பௌத்தர்களுக்கு அது புத்தருடையது, எங்களுக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு ஆதம் நபியுடையது, கிறிஸ்தவர்களில் சிலருக்குத் தோமையாருடையது. மலையைக் காக்கிறவர் சமன் தெய்வம். இத்தனை பேருக்கும் பாதை ஒன்று, படி ஒன்று, கால்வலியும் ஒன்றுதான். இதை அண்ணன் மகனிடம் சொன்னேன். "அப்ப எந்தச் சாமிக்குப் புள்ளி போடுறது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

மேலே ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது முறை ஏறுகிறோமோ அத்தனை முறை அடிக்கவேண்டும். நான் நாலு தடவை அடித்திருக்கிறேன். அந்த நாலாவது தடவை எனக்கு முன்னால் ஒரு சிங்களப் பாட்டி, வெள்ளைச் சேலை, செருப்பில்லாத கால். கயிற்றைப் பிடித்து அடித்துக்கொண்டே போனார். பதினேழு, பதினெட்டு... நடுவில் நிறுத்தி யோசித்தார். கூட வந்த பெண்ணைப் பார்த்தார். அவளுக்கும் தெரியவில்லை. சிரித்துவிட்டு இன்னும் ரெண்டு அடித்தார். பின்னால் நின்ற வரிசை பேசாமல் காத்திருந்தது. யாரும் சீட்டுப் பார்க்கவில்லை. கணக்கு டீச்சருக்கே அந்தக் கணக்கைச் சரிபார்க்கத் தோன்றவில்லை.

தராசுதான் எனக்குப் பிடிக்காமல் போனது. படத்தில் அதை அவன் அழகாகத்தான் வரைந்திருந்தான், இரண்டு தட்டு, நடுவில் வேல். ஆனால் மலையகத்தில் பிறந்தவள் தராசைப் பார்த்ததும் பறித்த கொழுந்தை நிறுக்கிற மடுவத்தைத்தான் நினைப்பாள். வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்று சொல்லுவோம். செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பேர் விழுந்தால் அன்றைக்குச் சம்பளம். குறித்த கிலோ பறிக்காவிட்டால், நேரத்துக்கு முன்னால் போய்விட்டால், அரைப்பேர். அம்மா மாலையில் கூடையை இறக்கிவிட்டு வரும்போது முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், முழுப்பேரா அரைப்பேரா என்று. மழையில் நனைந்த கொழுந்துக்குத் தண்ணிக்கழிவு என்று தனியாக வெட்டுவார்கள். மழையை யார் பெய்யச் சொன்னது என்று அம்மா தராசைப் பார்த்துக் கேட்பாள், கணக்கப்பிள்ளையைப் பார்த்துக் கேட்கமாட்டாள்.

அப்பா ஸ்டோரில் வேலை செய்தவர், ரோலர் பக்கம். ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. எல்லா ஸ்டோர்களிலும் போல அங்கேயும் ரோதைமுனி இருந்தார். ரோதை என்றால் சக்கரம், போர்த்துக்கீசச் சொல். அப்படிச் சக்கரத்துக்கு ஒரு முனி. தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஏரிக்கரையிலும் பனந்தோப்பிலும் இருந்த முனியாண்டி கடல் தாண்டி வந்ததும், இங்கே எது ஆளைத் தின்னுமோ அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகுமுன் கவ்வாத்துச் சாமி, மெசினுக்கு ரோதைமுனி. எங்கள் ஸ்டோரில் அவருக்குக் கோயில் கிடையாது. ரோலர் வரிசைக்குப் பக்கத்துச் சுவரில் கைப்பிடி அகலத்தில் ஒரு மாடம், ஒரு சூலம், சிவப்புத் துண்டு, காய்ந்த எலுமிச்சம்பழம். மாடத்துக் கற்பூரக் கரியின் மேல் தேயிலைத் தூள் படிந்து, அந்த மூலையில் மட்டும் ஒரு தனி வாசனை அடிக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவின் வலது கை மோதிர விரல் பாதி ரோலரில் போனது. காலை பத்து மணிக்கு நடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கட்டுப் போட்டார்கள். சம்பளத் துண்டு வந்தபோது பார்த்தால் அன்றைக்கு அரைப்பேர். பத்து மணிக்கே வேலையை விட்டுப் போய்விட்டாராம். அம்மா அழுதாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு சேவலைப் பிடித்துக்கொண்டு ரோதைமுனியிடம் போனார். விரலை எடுத்த சாமிக்கு எதற்குச் சேவல் என்று பாட்டி கேட்டாள். "மிச்சம் ஒம்பதரையக் காப்பாத்திக் குடுத்துச்சே" என்றார்.

இந்தக் கதை அண்ணன் மகனுக்கும் தெரியும். அதனால் கேட்டேன்: "தாத்தாவுக்குப் புள்ளி போடு பார்ப்போம்."

அவன் நேர்மையான பையன். கொப்பியைத் திறந்து விதிகளைப் பார்த்துப் போட ஆரம்பித்தான். வாராவாரம் கோயிலுக்குப் போனாரா? இல்லை. சாமியை நிந்தித்தாரா? சம்பள நாளில் குடித்தால் நிந்திப்பார். காணிக்கை? சேவல் ஒன்று, வருசத்துக்கு ஒரு தேங்காய். சாமிக்காக உயிரைப் பணயம் வைத்தாரா? விரலைச் சேர்க்கலாமா கூடாதா என்று அரைமணி நேரம் விவாதம். கூட்டிப் பார்த்தால் நாற்பத்தெட்டு.

"பனியில கரைஞ்சிருவாரு" என்றான். சொல்லிவிட்டு அவனே பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

அவன் இதைச் சும்மா கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அந்த விளையாட்டின் பெயர்பெற்ற உலகங்களில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் பழைய புத்தகங்களில், எந்தத் தெய்வத்தையும் கும்பிடாமல் செத்தவர்களை ஒரு மதிலில் வைத்துப் பூசிவிடுவார்கள். செங்கல் மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஒன்றுமில்லாமல் போவார்கள். பல தெய்வங்கள் நேரில் நடமாடுகிற உலகத்தில் பக்திக்கு ஒரு கட்டாயம் வேண்டும் என்று அதற்கு நியாயம் சொல்லுகிறார்கள். படிப்பதற்கு விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அது பழைய துண்டு முறைதான். ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமென்றால் கூலிகளை மேய்க்கிற கங்காணிக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய துண்டு கையில் வேண்டும். அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டித்தான் ஆளை உள்ளே எடுக்கும். 1921இல்தான் அதை ஒழித்தார்கள். ஒழித்து நூறு வருசத்துக்கு மேலாகிறது, பேரப்பிள்ளையின் சொர்க்கத்து வாசலில் அதே துண்டு!

நம் பக்கத்து வாசல்களும் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. நந்தனார் கதை இருக்கிறதே. திருப்புன்கூரில் வெளியே நின்று எட்டிப் பார்த்தவருக்காக நந்தியையே விலகச் சொன்ன சிவன், தில்லையில் நெருப்பில் மூழ்கி வா என்கிறான். ஒரே அடியார், ஒரே சாமி, இரண்டு வாசல். திருப்புன்கூர்ச் சிவனை எனக்குப் பிடிக்கும். தில்லைக் கதை வரும்போது நான் வகுப்பில் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த நாயன்மாருக்குப் போய்விடுவேன். சமய டீச்சர் லீவில் இருந்த நாட்களில் நடந்த பாடம் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த வாரம் அவன் வேறு யோசனையோடு வந்தான். மலை வேண்டாம், புகலிடத்தைத் தண்ணிக்குள் வைக்கலாம் என்றான். இதற்கு நான்தான் காரணம். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன். 1960களின் கடைசியில் அந்த அணையைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணிக்குள் போனது. கடைத்தெரு, கோவில், பள்ளிவாசல், விகாரை எல்லாம். கடும் வறட்சியில் தண்ணி இறங்கினால் மேலே வரும். ஜனங்கள் போய்ப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். ஒருமுறை நானும் போனேன். காய்ந்து வெடித்த சேற்றில் நடந்து கோவில் கிட்டே போனால் கல்தூணில் பாசி, சுவரில் தண்ணி நின்ற கோடு கோடாக அடையாளம், கீழே யாரோ அன்றைக்குக் காலையில்தான் வைத்த செவ்வரத்தம்பூ. முப்பது நாற்பது வருசம் தண்ணிக்குள் இருந்த இடத்துக்கு ஒரு வாடாத பூ. பக்கத்தில் ஒரு பெரியவர், இந்த இடத்தில்தான் சலூன், இந்த இடத்தில்தான் துணிக்கடை என்று பேரனுக்கு வெறும் சேற்றைக் காட்டிக்கொண்டிருந்தார்.

கற்பனை உலகங்களில் இன்னொரு விதி உண்டு. கும்பிடுகிறவர்கள் குறைந்தால் சாமிக்குப் பலம் குறையும், யாருமே இல்லாமல் போனால் சாமி செத்துப்போகும். தண்ணிக்குள் இருக்கிற சாமி அப்படியானால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் கேட்டான். நான் அந்தச் செவ்வரத்தம்பூவைச் சொன்னேன். ஒரு பூவுக்கு எவ்வளவு பலம் என்று விதிப்புத்தகத்தில் இல்லையாம்.

அப்போதுதான் பிடிமண் பேச்சு வந்தது. குலசாமியை விட்டு வெகுதூரம் போகிறவர்கள் அந்தக் கோயில் மண்ணை ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய், போன இடத்தில் போட்டு, அதன் மேல் கல் நட்டுக் கும்பிடுவார்கள். சாமியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, மண் போனால் சாமி போன மாதிரி. பாட்டியின் பாட்டி தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியில் நடந்து வந்தபோது முந்தானையில் ஒரு பிடி மண் இருந்ததாம். வாந்திபேதியிலும் பசியிலும் ஆட்கள் விழுந்து விழுந்து போன பாதை அது. சோறு தீர்ந்தபோது கூட மண் முடிச்சை அவிழ்க்கவில்லை என்று பாட்டி சொல்லுவாள். எங்கள் தோட்டத்து முனியாண்டிக்கு அடியில் இருப்பது அந்த மண். பாட்டி கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிறவள்தான், இருந்தாலும் இதை நான் நம்புகிறேன்.

அது மட்டுமா? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று தலையை எண்ணிப் பிரித்தார்களே, அப்போது தாத்தாவின் தம்பி குடும்பம் நீலகிரிக்குப் போனது. கூடலூர்ப் பக்கம், மறுபடியும் தேயிலைதான். அவர்கள் கிளம்பும்போது இந்த முனியாண்டி அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கேயிருந்து வந்த மண் இங்கே, இங்கேயிருந்து போன மண் அங்கே. இங்கிலீஷ்காரனின் கப்பலுக்கும் இரண்டு அரசாங்கங்களின் கையெழுத்துக்கும் தெரியாமல் ஒரு சாமி கூடவே போய் வந்துகொண்டிருந்திருக்கிறது.

சாமிக்குக் கோட்டை இருந்ததாக நான் எங்கேயும் கேட்டதில்லை. இருந்தது எல்லை. ராத்திரி முனியாண்டி எல்லையைச் சுற்றி வருவார், அந்த எல்லைக்குள் இருக்கிற எல்லாரும் அவர் பொறுப்பு. கும்பிடுகிறவன், கும்பிடாதவன், கொழுந்து களவெடுத்தவன், கணக்கப்பிள்ளை, ஆடு. எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த அந்தோனியம்மா குடும்பம் அவருக்கு ஒரு நாளும் விளக்கு வைத்ததில்லை. பேய் பிடித்தால் மட்டும் வந்து விபூதி வாங்கிக்கொண்டு போவார்கள். முனி ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் எழுதி மூன்று பக்கமாக அவனிடம் கொடுத்தேன். வாசல் கிடையாது. தராசு கிடையாது. பெயர் ஒளிமுடி இல்லை, எல்லை. அங்கே போய்ச் சேருகிற ஒவ்வொரு உயிரும் தான் வாழ்ந்த இடத்து மண் ஒரு பிடியை ஓரத்தில் போடவேண்டும். போட்ட அளவுக்கு அந்த உலகம் ஒரு அடி வெளியே தள்ளும். கடற்கரைக்காரன் போட்ட இடத்தில் மணல், வயல்காரன் போட்ட இடத்தில் சேறு. நினைவு அழியாது. அழிந்தால் யாருடைய மண் எது என்று எப்படித் தெரியும்? பழைய விரல்கள் திரும்பி வரும். அதை மட்டும் என் ஆசைக்குச் சேர்த்தேன்.

பிள்ளைகள் படித்தார்கள். ஒருவனுக்குப் பிடிக்கவில்லை. சண்டையே இல்லாத சொர்க்கத்தில் என்ன விளையாட்டு என்றான். நியாயம்தான், எல்லையைக் கடிக்க வருகிற ஒரு பூதத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அப்புறம் ஆட்டம் தொடங்கியது. படைவீரன் தன் ஊர்க் கிணற்றடி மண்ணைப் போட்டான். மந்திரவாதி குருகுலத்துச் சாம்பலைப் போட்டாள், அது மண்ணா இல்லையா என்று பகடை போட்டு, பதினாறு விழுந்து, சரி என்றாகியது.

மூன்றாவதாகப் பொகவந்தலாவையிலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளை. அவளுடைய பாத்திரம் ஒரு கூலிக்காரி, பெரிய பிரபுவின் மலைத்தோட்டத்தில் பிறந்து அங்கேயே செத்தவள். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், இவளுக்குச் சொந்தமா நெலமே இல்லையே. லயம் தோட்டத்துக்காரவங்களோடது. புதைச்ச எடமும் அவங்களோடது. இவ எந்த மண்ணை எடுக்கிறது? எடுத்தா களவு இல்லையா?"

வீடு கட்டத் தரப்போகிற காணி ஏழு பேர்ச்சஸா பத்து பேர்ச்சஸா என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்டு வளர்ந்த பிள்ளை அது. மூன்று பக்கம் எழுதும்போது எனக்கு இது தோன்றவே இல்லை.

அண்ணன் மகன் விதிகளைப் புரட்டினான். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கங்களைப் புரட்டினேன். படைவீரன், தன்னுடைய மண்ணில் பாதி தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றாள். நகக்கண்ணில் இருக்கிற அழுக்கைச் சுரண்டிப் போடலாமா என்று மந்திரவாதி கேட்டாள். அது தேயிலைக் கறை, மண் இல்லை என்று இன்னொருவன். பிளேன்டி ஆறிப்போனது. ஐந்தே காலுக்குக் கடைசி பொகவந்தலாவை பஸ். அவள் தாள்களை மடித்துப் பையில் வைத்தாள்.

அடுத்த போயாவுக்கு வருவார்கள். அந்தக் கூலிக்காரி இப்போதைக்கு எல்லைக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். கூட முனியாண்டியும் போய் உட்கார்ந்திருப்பதாக அண்ணன் மகன் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான்.